பாட்டியின் பாட்டும் பேரனின் பெயரும்

எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு ஒலக்கூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் பாதையில், மேல்மருவத்தூரையும் அச்சிறுபாக்கத்தையும் தொழுப்பேட்டையும் கடந்து, திண்டிவனம் வருவதற்குச் சற்று முன்னால் அந்த ஸ்டேஷன் இருக்கிறது. ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே தன் பெயரைக் கொடுத்திருக்கும் ஊர்தான். இருந்தாலும் பெரிய வண்டிகள் அதைக் கண்ணெடுத்தும் பாராமல் கூவிக்கொண்டே ஓடிவிடும். பாஸஞ்சர் வண்டி மட்டும் மரியாதையாக நின்று, நாலு பேரை இறக்கி, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்.

சில மாதங்களுக்கு முன்பு அந்தப் பாஸஞ்சர் வண்டியில் நான் பிரயாணம் செய்ய நேர்ந்தது. எதிர்ப் பலகையில் கல்லூரி மாணவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் கையிலிருந்த செல்போனிலிருந்து ஒரு பாட்டு பலமாக ஒலித்துக்கொண்டிருந்தது. இம்மாதிரி சந்தர்ப்பங்களில் என்னைப் போன்ற வயதுக்காரர்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். அதாவது, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஒலக்கூரில் ஓர் அம்மையார் மல்லாட்டை மூட்டையுடன் ஏறினார். (மணிலாக் கொட்டையை அந்தப் பக்கத்தார் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள்.) எழுபது வயதுக்குக் குறையாது. மூட்டையைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தவர், பாட்டு வந்த திசையில் காதைக் கொடுத்தார். பிறகு பையனைப் பார்த்து, "என்னா பாட்டு தம்பி இது? நம்ம பாட்டு மாதிரி இருக்குதே!" என்றார்.

"எஞ்சாயி எஞ்சாமி, ஆயா. அறிவுன்னு ஒருத்தர் எழுதினது. உங்க பாட்டா இது?"

"எங்க பாட்டு மாதிரிதான். நடவுல பாடுவோம், எழவு வீட்டுல பாடுவோம். இழுத்துக் கூப்பிடுறது அதேதான்."

"அந்தப் பாட்டையெல்லாம் யாரு ஆயா எழுதினாங்க?"

அம்மையார் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். "எழுதுறதாவது! எங்க ஆயா பாடுச்சு, எங்கம்மா பாடுச்சு, நான் பாடுனேன். பாட்டுக்கு ஏது பேரு?"

அரை மணிக்குள் திண்டிவனம் வந்துவிட்டது. அம்மையார் இறங்கிப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி மட்டும் இறங்க மறுத்து என்னுடன் விழுப்புரம் வரைக்கும் வந்தது. வீடு திரும்பியும் அது என்னை விடவில்லை. ஆகவே, நான் முகம் சுளித்த அந்தப் பாட்டைப் பற்றியும், அதைப் பாடிய இளைஞரைப் பற்றியும் விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்து அறிந்ததை நேயர்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு டோலக்காரரின் கதை

முதலில் இந்தச் சங்கீதத்தின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சந்ததியார் தங்கள் தேவாலயங்களில் நெஞ்சுருகிப் பாடிவந்த பக்திப் பாடல்களிலிருந்து, 1950-களில் 'சோல்' என்னும் இசை கிளைத்தது. சோல் என்றால் ஆத்மா. ரே சார்லஸ், அரீதா பிராங்க்ளின் முதலியோர் இதில் உலகப் பிரசித்தி பெற்றவர்கள்.

அதன் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்கது 'ஹிப் ஹாப்'. இதற்குப் பிறந்த நாளே உண்டு. 1973-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி, நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்னும் ஏழைப் பேட்டையில், ஓர் அடுக்கு வீட்டில் நடந்த விருந்தில் அது பிறந்ததாகச் சொல்வார்கள். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய இளைஞர் ஒருவர் அங்கே இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். கூல் ஹெர்க் என்பது அவருடைய பட்டப் பெயர். பாட்டின் நடுவே பாடகர் மூச்சு வாங்கும் சமயத்தில் டோலக்காரர் தனியாக வாசிக்கும் பகுதி வருகிறதல்லவா? ஜனங்கள் அப்போதுதான் உற்சாகமாக ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே ஒரே மாதிரியான இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தப் பகுதியையே நீட்டிக்கொண்டு போனார். அந்தத் தாளத்தின்மேல் சொற்களை அடுக்கிப் பேசுவதுபோல் பாடும் முறைக்குத்தான் 'ராப்' என்று பெயர் வந்தது.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பிரௌன் என்னும் பிரபல சோல் பாடகர் 1970-ல் 'ஃபங்கி டிரம்மர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்பவர் சில விநாடி நேரம் தனியாக டோல் வாசித்திருக்கிறார். பின்னால் வந்த ஹிப் ஹாப்காரர்கள் அந்தச் சில விநாடித் துண்டை வெட்டியெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் உபயோகித்துவிட்டார்கள். அவ்வளவு பாட்டுகளுக்கும் உயிர் கொடுத்தவர் ஸ்டபிள்ஃபீல்ட். ஆனால் தட்டின்மேல் ஆசிரியர் என்று அச்சான பெயர் அவருடையதல்ல. ஆகவே அவருக்குச் சேர வேண்டிய பங்கும் சேரவில்லை. 2017-ல் அவர் காலமானார். "பாட்டுக்கு ஏது பேரு?" என்று ஒலக்கூர் அம்மையார் சிரித்துக்கொண்டே கேட்டாரே, அமெரிக்காவில் அதே கேள்வி ஒரு மனிதரின் ஜீவனோபாயமாக இருந்திருக்கிறது.

தமிழுக்கு வந்த வழி

தமிழர்களுக்கு ராப் என்ற சொல் 1994-ல் 'காதலன்' படத்தின் பேட்டைப் பாட்டு மூலமாக அறிமுகமாயிற்று. அப்போது அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். மலேசியத் தமிழர்களோ அதைத் தங்கள் சொந்தக் கலையாகவே ஏற்றுக்கொண்டார்கள். அங்கே யோகி பியும் நட்சத்ரா குழுவினரும் 2006-ல் வெளியிட்ட 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பு தமிழ்நாட்டு இளைஞர்களின் காதுகளையும் திறந்தது. 2012-ல் கோயமுத்தூர் ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழன்' வந்தது.

வாஸ்தவத்தில், தாளத்தின்மேல் வார்த்தையை அடுக்குவது நமக்குப் புதிய வித்தையல்ல. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கட்டியக்காரன் மேடைக்கு வந்தால், மத்தளத்தின் அடிக்கு அடி எதுகையும் மோனையுமாகப் பொழிந்து, ராஜாவையும் கிண்டல் செய்வான். ஊர்ப் பெரிய மனிதரையும் ஒரு கை பார்த்துவிடுவான். வடசென்னையின் கானாப் பாட்டு இருக்கிறது. சாவு வீட்டு ஒப்பாரி இருக்கிறது. பறை இருக்கிறது. இவையெல்லாம் சபாவுக்குள் நுழையக் கூடாத சங்கீதங்கள் என்று நம்மில் அநேகர் நீண்ட காலம் எண்ணியிருந்தோம். எண்ணியதற்குக் காரணம் சங்கீத சாஸ்திரமல்ல. பாடியவர்கள் பிறந்த ஜாதிதான். இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

அரக்கோணத்து இளைஞர்

அந்த எண்ணத்தை மேடையேறி எதிர்த்தவர்களில் ஒருவர்தான் அறிவு. முழுப் பெயர் அறிவரசு கலைநேசன், ஊர் அரக்கோணம். பொறியியல் படித்தவர், ஆனால் கவிதையும் மேடையும் அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

2017-ல் சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஓர் இசைக் குழுவை அமைத்தார்கள். கானா பாடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், கிட்டார் வாசிக்கிறவர்கள், ராப் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே மேடையில் சேர்ந்த அந்தக் குழுவுக்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர். ஜாதியற்றவர்களின் கூட்டம் என்று பொருள். ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஜாதி பேதமற்ற தமிழர் என்று எழுதிய பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர் அது. 2018-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேற்றம் நடந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். கானா என்றால் ஆண்கள் பாட்டு என்றிருந்த வழக்கத்தை மாற்றிய இசைவாணியும் அக்குழுவினரே. 2020-ல் பி.பி.சி. நிறுவனம் உலகத்தின் நூறு பெண்மணிகளில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

அந்த மேடையில்தான் அறிவின் குரல் பரவலாகக் காதில் விழுந்தது. அதே 2018-ல் 'காலா' படத்துக்குப் பாட்டு எழுதினார். 2019-ல் ஓஃப்ரோ என்னும் இசைக்கலைஞருடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பை வெளியிட்டார். வள்ளுவர் குறளைத் தெருவுக்கு அழைத்து வந்தாற்போன்ற அந்தப் பெயரே அவர் யார் பக்கம் என்பதைச் சொல்லிவிட்டது. நிலம், கூலி, தீண்டாமை ஆகியவற்றைப் பற்றி நம் பத்திரிகைகள் தலையங்கத்தில் எழுதும் விஷயங்களை அவர் தாளத்தில் சொன்னார். 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' அவரைச் சினிமாக் கொட்டகைகளுக்கெல்லாம் கொண்டுபோயிற்று.

வள்ளியம்மாள்

இவ்வளவுக்கும் பின்னால் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் பெயர் வள்ளியம்மாள். அறிவு தம் பேட்டிகளில் அவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கையகல நிலமும் இல்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போய், அங்கிருந்து வெறுங்கையுடன் திரும்பி வந்த குடும்பம் அவருடையது.

தேயிலை குடிக்கும் நாம் இந்தச் சரித்திரத்தைச் சற்று ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கை மலைகளில் முதலில் காப்பி பயிரிட்டார்கள். 1869-ல் காப்பிச் செடிகளை இலை நோய் பற்றியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னதாக ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மலையை வெட்டிச் செடி வைக்க ஆள் வேண்டுமே! பஞ்சத்தில் அடிபட்ட தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார்கள் ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும்பகுதியினர் சொந்த ஊரில் பிறர் நிலத்தில் உழைத்த கூலிக்காரர்கள்.

நாம் சுதந்திரக் கொடி ஏற்றிய மறுவருஷம், அதாவது 1948-ல், இலங்கையும் சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் அங்கே நிறைவேறிய பிரஜா உரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்களில் லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் பிரஜைகள் அல்லாதவர்களாகிவிட்டார்கள். 1964-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிற்பாடு பார்த்துக்கொள்வோம் என்று தீர்மானமாயிற்று. 1974-ல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒலக்கூரில் மல்லாட்டையைப் படியால் அளந்து போடுவதுபோல் மனிதர்களை அளந்து போட்டார்கள். அந்த மனிதர்களின் பெயர்களை யாரும் பாட்டில் வைத்ததில்லை.

அறிவு வைத்தார். 2021-ம் வருஷம் மார்ச்சு 7-ந் தேதி 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியாயிற்று. சொற்கள் அறிவினுடையவை. இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். அறிவுடன் சேர்ந்து பாடியவர் தீ என்ற பெண்மணி. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இவருடைய குரலில் சோல் இசையின் கனிவு இருக்கிறது. நாட்டுப்புறத்து ஒப்பாரியும் அமெரிக்க ராப்பும் அந்தப் பாட்டில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. படக்காட்சியில் வள்ளியம்மாள் பாட்டியே சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறார்.

பாட்டின் பெயரிலுள்ள 'எஞ்சாமி' என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. கூலிக்காரன் மிராசுதார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்லும் 'என் சாமி' ஒன்று. பாட்டி பேரனை மடியில் போட்டுக் கொஞ்சும்போது சொல்லும் 'எஞ்சாமி' மற்றொன்று. அடிமைச் சொல்லாக இருந்ததை அறிவு எடுத்து, அன்புச் சொல்லாகவே நிலைநிறுத்திவிட்டார். யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் அந்தப் பாட்டு பார்க்கப்பட்டிருக்கிறது.

பெயர் எங்கே?

கதை இங்கே முடிந்திருந்தால் மங்களம் பாடிவிடலாம். ஆனால் பாட்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பேரனுக்கே பெயர்த் தகராறு வந்துவிட்டது.

2021 ஆகஸ்டு மாதத்தில் 'ரோலிங் ஸ்டோன்' என்னும் சங்கீதப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, அட்டைப் படத்தில் தீயையும், கானடாவில் வாழும் தமிழரான ஷான் வின்சென்ட் டி பாலையும் வெளியிட்டது. அவர்களைக் கொண்டாடக் காரணமாயிருந்த பாட்டுகளுக்குச் சொல் கொடுத்த அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் இதைப் பகிரங்கமாக ஆக்ஷேபித்தார். பலர் குரல் கொடுத்தார்கள். பிறகு அப்பத்திரிகை அறிவின் படத்துடன் இணையத்தில் தனி அட்டை ஒன்றை வெளியிட்டது.

2022 ஜூலை 28-ந் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. உலகத்து நாடுகளெல்லாம் பார்க்க அந்தப் பாட்டு மேடையேறியது. அறிவு மேடையில் இல்லை. அச்சமயம் அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். பாட்டைக் கட்டி, எழுதி, பாடி, நடித்தவன் நான். அதற்காகப் பல மாதம் தூக்கமின்றி உழைத்தேன் என்று அறிவு எழுதினார். பாட்டின் எல்லா உரிமையும் வருமானமும் எங்கள் மூவருக்கும் சமமே. எந்த இடத்திலும் அறிவின் பெயரை மறைத்ததில்லை என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் எழுதினார்கள். 2024 மார்ச்சு மாதத்தில் சந்தோஷ் நாராயணனே மற்றொரு செய்தியை வெளியிட்டார்: பாட்டின் வருமானத்தில் மூவரில் ஒருவருக்கும் ஒரு காசு வந்து சேரவில்லை என்றார். பாட்டை வெளியிட்ட மாஜா நிறுவனம் தன்மேல் சொன்ன குற்றத்தை மறுத்தது.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதியல்ல. மெட்டும் குரலும் சொல்லும் சேர்ந்ததே பாட்டு, மூவரும் உழைத்தவர்களே. ஆனால் ஒரு விஷயம் மட்டும் மனத்தில் உறுத்துகிறது. மெட்டமைத்தவர் பெயர் விட்டுப்போயிற்று என்று நாம் அடிக்கடி கேள்விப்படுவதில்லை. விட்டுப்போகும்போதெல்லாம் விட்டுப்போவது வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் சொல்லைக் கொண்டுவந்தவனின் பெயராகவே இருக்கிறது. தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்பதல்ல கேள்வி. பழக்கம் அப்படி இருக்கிறது என்பதுதான் துக்கம்.

நம் தேசத்தில் சட்டம் இல்லாமலில்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டெழுதியவரையும் இசையமைத்தவரையும் தனித்தனி ஆசிரியர்களாக ஒப்புக்கொள்கிறது. ஆசிரியர் காலமான பிறகும் 60 வருஷம் உரிமை இருக்கிறது. 2012-ல் செய்த திருத்தப்படி, சினிமாவிலோ இசைத்தட்டிலோ சேர்ந்த பாட்டின் ஆசிரியர்கள் தங்கள் வருமானப் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அது செல்லாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒலக்கூர் அம்மையாருக்கு இந்தச் சட்டத்தில் இடம் எங்கே? அவருடைய ஆயாவின் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாத சொத்து எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமானதை எடுத்து முதலில் விலைச் சீட்டு ஒட்டுகிறவன் எவனோ அவனுக்கே லாபம்!

சட்டம் செய்யாததை அறிவு தம்மால் இயன்ற மட்டும் செய்திருக்கிறார். 2024-ல் அவர் வெளியிட்ட தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர். வித்வான்கள் தங்கள் பெயருக்கு முன்னால் ஊரின் பெயரைப் போட்டுக்கொள்வார்கள்; குருவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். இந்த இளைஞர் தம் குருபரம்பரையாக ஒரு கூலிக்காரப் பாட்டியைச் சொல்லிக்கொள்கிறார். இதைவிடப் பெரிய பிருதை எந்தச் சபையும் கொடுத்துவிட முடியாது.

நம் வீட்டில் செய்யக்கூடியது

நேயர்களின் வீடுகளிலும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். தாலாட்டும், நலங்கும், நடவுப் பாட்டும், ஒப்பாரியும் அவர்களுடன் இருந்து, அவர்களுடனேயே போய்க்கொண்டிருக்கின்றன. இப்போது நாற்று நடவும் இயந்திரம் வந்துவிட்டது, இயந்திரம் பாடுவதில்லை. நம் குழந்தைகள் கையிலோ செல்போன் இருக்கிறது. அதில் பிறர் பாட்டைக் கேட்பதுடன் நில்லாமல், ஒரு நாள் மாலை பாட்டியை உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யலாம். செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பாடியவர் பெயர், ஊர், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். கட்டியவர் பெயர் போய்விட்டது. காத்தவர் பெயராவது நிற்கட்டும்.

இதை எழுதும்போது வெட்கத்துடன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திண்டிவனத்தில் அந்த அம்மையார் இறங்குவதற்கு எழுந்தார். மாணவன் தானாகவே மூட்டையைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் இறக்கிவைத்தான். அம்மையார் அவன் தாடையைத் தொட்டு முத்தமிட்டு, "நல்லா இரு, எஞ்சாமி!" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது. பையன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, மறுபடியும் அதே பாட்டை வைத்தான். இந்தத் தடவை நான் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் பாட்டுக்கு ஏது பேர் என்று கேட்ட அந்த அம்மையாரின் பெயர் என்ன என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.